அப்டேட் போட்ட மறுநாள் லேப்டாப் ஏன் உறைந்து நிற்கிறது?

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குச் சில புதன்கிழமைகள் கிடைக்காமலே இருந்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நம் கடிகாரத்தில் அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. தூங்கும்போது இறங்கி, விடியும்போது ரீஸ்டார்ட் ஆகி, புதன் காலை காபியோடு உட்காரும்போதுதான் பலன் தெரியும். பெரும்பாலான மாதங்களில் ஒன்றும் ஆகாது. ஏதோ ஒரு மாதம் திரை அப்படியே நின்றுவிடும்.

நங்கநல்லூரில் இருக்கும் என் அக்கா பெண்ணுக்கு அப்படி ஒரு புதன் வாய்த்தது. காலை பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. ஐந்தாவது நிமிடம், எதிரில் பேசிக்கொண்டிருந்தவரின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுபோனது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மவுஸ் நகரவில்லை. திரை ஒரு தடவை கறுத்தது, திரும்பி வந்தது, மறுபடி நின்றது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மீதி இன்டர்வியூவை மொபைலில் முடித்தாள். மாலையில் ரிச்சி தெருவில் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் ஆன் செய்து பார்த்தார், திரை நின்றது, தீர்ப்பு சொல்லிவிட்டார்: "போர்டு போயிடுச்சும்மா. சிப் லெவல்ல பார்க்கணும். எட்டாயிரம் ஆகும். டேட்டாவுக்கு கேரண்டி கிடையாது."

லேப்டாப் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அங்கிருந்தே எனக்கு போன் போட்டாள். "மாமா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நேற்று இரவு அந்த லேப்டாப்பில் என்ன மாறியது? போர்டை யாரும் தொடவில்லை. மாறியது மென்பொருள். இப்படித் திரை நின்று, கறுத்து, திரும்பி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கிராஃபிக்ஸ் டிரைவரை.

நடுவில் நிற்கும் துபாஷி

சாதாரண லேப்டாப் திரையில் 1920க்கு 1080 புள்ளிகள், அதாவது இருபது லட்சத்துக்கும் கொஞ்சம் மேல். அத்தனையும் சேர்ந்த ஒரு முழுப் படத்தை விநாடிக்கு 60 தடவை புதிதாக வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. இந்த வேலைக்கென்றே இருப்பதுதான் கிராஃபிக்ஸ் சிப், சுருக்கமாக ஜிபியு.

விண்டோஸுக்கு ஜிபியுவின் பாஷை தெரியாது. என்விடியா ஒரு பாஷை, ஏஎம்டி ஒரு பாஷை, இன்டெல் ஒரு பாஷை. ஒரே கம்பெனியின் போன தலைமுறைச் சிப்புக்கும் இந்தத் தலைமுறைச் சிப்புக்குமே பேச்சு கொஞ்சம் மாறும். ஆகவே நடுவில் ஓர் ஆள் தேவைப்படுகிறார். மெட்ராஸ்காரர்களுக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கும்பினிக் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசிய துபாஷிகள், இரண்டு பாஷை தெரிந்தவர்கள். பச்சையப்பன் கல்லூரியின் பெயருக்குரிய பச்சையப்ப முதலியார்கூட ஒரு துபாஷிதான். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் துபாஷி. "இந்த ஜன்னலை இங்கே வரை" என்று விண்டோஸ் சொல்வதை ஜிபியுவுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது அவர் வேலை.

துபாஷி ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டால், இரு பக்கமும் ஒழுங்கான ஆட்களாக இருந்தாலும் வியாபாரம் நின்றுபோகும். லேப்டாப்பில் நடப்பதும் அதுவே. விண்டோஸ் சரியாக இருக்கிறது, சிப்பும் சரியாக இருக்கிறது, நடுவில் பேச்சு குழம்பிவிட்டது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பிரவுசரோ வேர்டோ முடங்கினால் அது மட்டும் மூடும், மற்றவை ஓடும். டிரைவரின் முக்கியப் பகுதி விண்டோஸின் மையமான கர்னல் என்ற உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தடுக்கி விழுந்தால் வீடே ஆடும். 2007-இல் விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்பு வந்த புதிதில் இது பெரிய தலைவலியாக இருந்தது. மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் பிறகு ஒரு வழக்கில் வெளியே வந்தபோது, அந்த ஆண்டு பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறக்குறைய 29 சதவீதம் என்விடியா டிரைவர்கள் கணக்கில் இருந்தது தெரிந்தது. டிரைவர் எழுதுவது அவ்வளவு சுலபமான வேலையில்லை.

இரண்டு விநாடிப் பொறுமை

அதே விஸ்டாவில்தான் ஒரு நல்ல ஏற்பாடும் வந்தது. டிடிஆர் என்பார்கள். ஜிபியுவுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் காத்திருக்கும். இரண்டு விநாடிக்குள் வேலை முடியவும் இல்லை, இடைநிறுத்தவும் முடியவில்லை என்றால், ஜிபியு மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து டிரைவரையும் சிப்பையும் ரீசெட் செய்யும். திரை ஒரு தடவை கறுத்துத் திரும்பி வருவது இதனால்தான். அக்கா பெண் பார்த்த அந்தக் கறுப்பு, லேப்டாப் செத்ததன் அடையாளம் என்று அவள் நினைத்தாள். உண்மையில் அது விண்டோஸ் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய தருணம்.

எழுப்பினால் எழ வேண்டும். எழுந்த கையோடு மறுபடி மயங்கினால் மறுபடி எழுப்பும். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து தடவைக்கு மேல் இப்படி ஆனாலோ, ரீசெட்டே பலிக்காமல் போனாலோ, விண்டோஸ் கையை விரித்து நீலத் திரையைக் காட்டிவிடும். அதில் வீடியோ டிடிஆர் என்று தொடங்கும் வரி இருக்கும். சில சமயம் கூடவே ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். அது என்வி என்ற எழுத்துகளில் தொடங்கினால் என்விடியா. ஏடிஐ அல்லது ஏஎம்டி என்று தொடங்கினால் ஏஎம்டி. ஐஜிடி என்றால் இன்டெல். குற்றவாளியின் பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் விசாரணையை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

அப்டேட் இதில் எங்கே வருகிறது? பல வழிகள். விண்டோஸ் தன் பேச்சு வழக்கத்தை மாற்றிக்கொள்ளும், பழைய டிரைவருக்கு அது பிடிபடாது. அல்லது விண்டோஸ் அப்டேட்டே ஒரு புதிய கிராஃபிக்ஸ் டிரைவரைக் கொண்டுவந்து பழையதன் இடத்தில் உட்கார வைக்கும். லேப்டாப்பில் இதுதான் எனக்கு அதிகம் கண்ணில் படுகிறது. லேப்டாப் கம்பெனி தன் மாடலின் திரைக்கும், மின்சார ஒழுங்குக்கும், இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் மாறி மாறி வேலை செய்வதற்கும் ஏற்றபடி சோதித்துக் கொடுத்த டிரைவர் ஒன்று இருக்கும். அதன் மேல் எல்லா மாடலுக்கும் பொதுவான ஒன்று வந்து உட்காரும்போது ஏதாவது ஒரு மூலையில் இடிக்கும். மூன்றாவது, அப்டேட் பாதியில் அறுந்துபோவது. பழைய கோப்பு கொஞ்சம், புதிய கோப்பு கொஞ்சம் என்று அரையும் குறையுமாக நிற்கும். ரீஸ்டார்ட் சமயத்தில் அவசரப்பட்டு மூடியை மடக்கிப் பையில் வைத்து ஓஎம்ஆர் பஸ்ஸைப் பிடிக்கிறவர்களுக்கு இது நடக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரை நின்ற அந்த நிமிடத்தில்

பவர் பட்டனுக்குப் போகும் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? அல்லது பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் உள்ளே உயிர் இருக்கிறது, படம் மட்டும்தான் நின்றிருக்கிறது. விளக்கும் அசையாமல், ஒலியும் ஒரே இடத்தில் ட்ர்ர்ர் என்று சிக்கி நின்றால் மொத்த இயந்திரமும் நின்றுவிட்டது என்று பொருள்.

உயிர் இருக்கும் பட்சத்தில் விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், ஷிஃப்ட், கூடவே பி (B) எழுத்து, நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். பீப் என்று ஒரு சத்தம் வரலாம், திரை மினுக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும் கட்டளை இது. திறந்திருக்கும் கோப்புகள் போகாது. திரை திரும்பி வந்தால் முதல் காரியமாக எல்லாவற்றையும் சேவ் செய்யுங்கள், ஆராய்ச்சி அப்புறம். திரும்பி வந்ததே ஒரு தடயமும்கூட: கோளாறு கிராஃபிக்ஸ் பக்கம்தான்.

எதுவும் நடக்கவில்லை என்றால் ஓரிரு நிமிடம் பொறுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்து அணைப்பது தவிர வழியில்லை.

தடயம் எங்கே இருக்கிறது

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று வரும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலர் ஒரு தடவைகூடத் திறக்காத பக்கம். எனக்கு விண்டோஸிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், பிரச்சினை வந்த நாளில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி. அந்த நாளைத் தட்டினால் கீழே விவரம் வரும். அன்று என்ன அப்டேட் இறங்கியது என்பதும் அதே இடத்தில் இருக்கும்.

அக்கா பெண்ணின் லேப்டாப்பில் செவ்வாய் வரை ஒரு சிவப்பும் இல்லை. புதன்கிழமை நான்கு. நான்கிலும் ஹார்ட்வேர் எர்ரர் என்று தலைப்பு. அதைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப கடைக்காரர் சொன்னது சரிதானா மாமா?" தலைப்பை நம்பாதே, உள்ளே திற என்றேன். உள்ளே லைவ் கர்னல் ஈவென்ட், கோட் 141 என்று இருந்தது. 141, 117 இரண்டும் ஜிபியு குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை என்பதற்கான எண்கள். டிரைவர் கோளாறால் பதில் வராமல் போனாலும் விண்டோஸ் இதே தலைப்பைத்தான் ஒட்டும். இந்த ஒரு தலைப்பைப் பார்த்தே போர்டை மாற்றியவர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஈவென்ட் வியூவர் பழகியவர்கள் சிஸ்டம் பதிவுகளில் 4101 என்ற எண்ணைத் தேடலாம். டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, பிறகு மீண்டது என்பதன் பதிவு அது. பக்கத்திலேயே 41 என்ற எண்ணும் பெரும்பாலும் இருக்கும். கர்னல் பவர் என்று பெயர் போட்டிருப்பதால் சார்ஜரைச் சந்தேகப்படுவார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்ததன் பதிவாகவே இருக்கலாம்.

இன்னும் ஒரு இடம் பாக்கி. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி. அங்கே டிரைவர் அப்டேட்ஸ் என்று தனிப் பிரிவு இருக்கும். அதில் இன்டெல், என்விடியா, ஏஎம்டி பெயரோடு டிஸ்ப்ளே என்ற சொல்லும் புதன்கிழமைத் தேதியும் சேர்ந்து இருந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

சேஃப் மோடும் 48 எண்களும்

துபாஷி மேல் சந்தேகமென்றால் அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பார்க்க வேண்டும். சேஃப் மோட் அதற்குத்தான். அங்கே கம்பெனி டிரைவர் ஓடாது. மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் ஓடும். சைகையில் பேசும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இருக்காது, அழகு இருக்காது, ஆனால் சண்டையும் இருக்காது.

போகும் வழி: ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலப் பக்கம் வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். அடுத்து வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். விண்டோஸுக்குள் நுழையவே முடியவில்லை என்றால், தொடங்கும்போதே அணைப்பதை இரண்டு மூன்று தடவை செய்தால் இந்தப் பக்கம் தானாக வரும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலரும் விழுவது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் பூட்டுக்குள் போயிருக்கும். உரிமையாளருக்கே தெரியாது. இந்தப் பக்கத்துக்குள் வந்ததும் 48 எண்கள் கொண்ட ரெகவரி கீ கேட்கும். அக்கா பெண்ணுக்கும் கேட்டது. மொபைலில் அவள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து தேட, பாஸ்வேர்டு மறந்துபோய், ஓடிபி அக்காவின் பழைய நம்பருக்குப் போய், அரை மணி நேரம் கழித்து எண் கிடைத்தது. ஆறு ஆறாக எட்டுக் கட்டம். அக்கா ரேஷன் கார்டு எண் வாசிப்பது போல ஒவ்வொன்றாக வாசிக்க, இவள் அடித்தாள். ஆகவே லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை எடுத்து எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சேஃப் மோடில் அரை மணி நேரம் கோப்புகளைத் திறந்து மூடிப் பார்த்தோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கேம் ஓட்டிச் சோதிக்கும் இடமில்லை அது என்பதால் முழு நிரூபணம் ஆகாது. ஆனால் வழக்கமாக ஐந்து நிமிடத்தில் நின்றுபோகும் லேப்டாப் அரை மணி நேரம் ஓடினால் எனக்கு அது போதும்.

பழைய துபாஷியை அழைப்பது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ். உங்கள் கிராஃபிக்ஸ் பெயரை இரண்டு தடவை தட்டி டிரைவர் என்ற பக்கத்துக்குப் போங்கள். ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் உயிரோடு இருந்தால் அழுத்துங்கள், காரணம் கேட்டால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ரீஸ்டார்ட். பல பேருக்கு இத்துடன் வேலை முடிந்துவிடும்.

பட்டன் மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போது லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கொடுத்து, உங்கள் மாடலுக்கான கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதியதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். கம்பெனி போட்டிருப்பது ஆறு மாதம் பழையதாக இருந்தாலும் உங்கள் மாடலில் ஓட்டிப் பார்த்தது. டிரைவரைத் தானாகத் தேடிப் புதுப்பித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இறக்கிய பிறகு இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கோளாறு டிரைவரை எடுத்த இடைவெளியில் விண்டோஸ் அப்டேட் அதையே மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். முன்வாசலில் அனுப்பியவர் கொல்லைப்புறமாக வருகிற கதை. பிறகு கோளாறு டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து, இறக்கி வைத்ததை இன்ஸ்டால் செய்யுங்கள். என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் என்பதைத் தட்டினால் கிளீன் இன்ஸ்டாலேஷன் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். ஏஎம்டியில் அதற்கு இணையானது ஃபேக்டரி ரீசெட். அப்படியும் அடம்பிடித்தால் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை சேஃப் மோடில் ஓட்டினால் மூலை முடுக்கில் ஒட்டியிருக்கும் பழைய துண்டுகளையும் துடைத்துவிடும். எடுத்த எடுப்பில் இதற்குப் போக வேண்டாம்.

பிறகு விண்டோஸ் அப்டேட்டை பாஸ் (Pause) செய்யுங்கள். அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தி வைக்கலாம். பாதுகாப்பு அப்டேட்டும் சேர்ந்தே நிற்கும் என்பதால் இதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய வருடாந்திர அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால், பத்து நாளுக்குள் செட்டிங்ஸின் ரெகவரி பக்கத்தில் கோ பேக் கொடுத்து முந்தைய பதிப்புக்கே திரும்பலாம். பதினோராம் நாள் அந்த வாசல் மூடிவிடும்.

வீட்டுச் சமையலும் கல்யாணச் சமையலும்

டிவைஸ் மேனேஜரில் இரண்டு கிராஃபிக்ஸ் பெயர்கள் இருந்தால் திகைக்க வேண்டாம். கேமிங், எடிட்டிங் லேப்டாப்களில் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன ஜிபியு ஒன்று, தனியாகப் பெரியது ஒன்று. தினசரி இட்லி, சாம்பார் வீட்டிலேயே ஆகிவிடும், கல்யாணம் என்றால்தான் சமையல் கான்ட்ராக்ட்காரர் வருவார் இல்லையா, அப்படி. மெயில் பார்க்க, படம் பார்க்க சின்னது. கேம் திறந்தால் பெரியது விழித்துக்கொள்ளும். மற்ற நேரம் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். என்விடியா இந்த ஏற்பாட்டை 2010-இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது.

தூங்குவதும் விழிப்பதும் டிரைவர் பொறுப்பு. அப்டேட்டுக்குப் பிறகு அதிகம் சிக்குவது இந்த இடத்தில்தான். சார்ஜர் செருகியவுடன் நிற்கிறது, மூடியைத் திறந்தவுடன் நிற்கிறது, கேம் திறந்தவுடன் நிற்கிறது என்றால் பெரியதன் மேல் கண் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் பெரியதை மட்டும் டிசேபிள் செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். உறைவது நின்றுவிட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அவசர வேலை கையில் இருந்தால் நல்ல டிரைவர் வரும் வரை அப்படியே ஓட்டலாம், கேம் மட்டும்தான் நஷ்டம்.

பிரவுசரில் வீடியோ பார்க்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பிரிவில் உள்ள கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள். விண்டோஸின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் என்று 2020-இல் வந்த ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். இரண்டும் ஒத்தடம் மாதிரி, மருந்தில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

உபுண்டுவோ, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் (BOSS) லினக்ஸோ, கதை இதேதான், கருவிகள் வேறு. லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. என்விடியாவின் சொந்த டிரைவர் தனியாக வருவது. ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அந்த டிரைவரின் மாட்யூலும், அதாவது கர்னலோடு இணையும் துண்டும், பொருத்தமாக அமைய வேண்டும். அமையாவிட்டால் அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரைதான்.

நல்ல செய்தி, உபுண்டு பழைய கர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. தொடங்கும்போது வரும் கிரப் (GRUB) மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் சிப் நல்லபடியாக இருக்கிறது என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடும். விண்டோஸில் அரை நாள் எடுக்கும் சோதனை இது. பழைய கர்னலும் உதவாவிட்டால் அதே மெனுவில் இ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல் சேர்த்து அடித்து எஃப்10 கொடுங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் எளிய படத்தோடு திறக்கும், உள்ளே போய் டிரைவரைச் சரி செய்யலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை நின்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. எழுத்துத் திரை வந்து யூசர்நேம் கேட்டால் உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது, அங்கிருந்தே முறையாக ரீபூட் கொடுத்துவிடலாம்.

உண்மையிலேயே சிப் போயிருந்தால்

எல்லாப் பழியையும் டிரைவர் தலையில் போடவும் கூடாது. ஆன் செய்ததும் வரும் கம்பெனி லோகோவிலேயே கோடுகள், வண்ணக் கட்டங்கள் தெரிகிறதா? விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் பயாஸின் செட்டிங்ஸ் பக்கத்திலேயே நின்றுபோகிறதா? அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. குற்றம் ஹார்ட்வேர் மேல்தான். உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ட்ரை என்பதைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. டிஸ்கைத் தொடாது. அதிலும் அதே மாதிரி கோடு வந்தால் கடைக்குப் போக வேண்டியதுதான். போவதற்கு முன் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், ராம் கோளாறும் இதே வேஷத்தில் வரும்.

சிப் கெட்டுப்போவது கற்பனையும் அல்ல. 2008-இல் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் பொருள் பலவீனம் இருந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. சூடாகி, ஆறி, சூடாகி, சிப்பின் அடியில் இருந்த நுண்ணிய ஈயப்பற்று இணைப்புகள் விரிசல் விட்டன. சூடு காட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடி போகும். சிப்புக்கு ஹீட் கன் பிடித்துச் சரி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு என்றதும் கத்திரி வெயில் ஞாபகம் வருகிறது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்து, தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் லேப்டாப் உறைவதற்கு எந்த அப்டேட்டும் தேவையில்லை. அப்டேட் முடிந்த கையோடு விண்டோஸ் பின்னணியில் நிறைய வேலை செய்யும். அதில் சூடு ஏறி நின்றால் பழி அப்டேட் மேல் விழும். வித்தியாசம் இதுதான்: சூடு என்றால் ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, ஃபேன் இரைந்த பிறகு நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டால் சரியாகும். டிரைவர் என்றால் குளிர்ந்த லேப்டாப்பும் நிற்கும், பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்யும்போது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் உப்பும் ஈரமும் போர்டை அரிப்பது தனிக் கதை.

கடைக்குப் போனால் "ஹேங் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, சேஃப் மோடில் நிற்கிறதா, பயாஸில் நிற்கிறதா, ரிலையபிலிட்டி பக்கத்தில் என்ன எண், இந்த நான்கையும் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். ரிச்சி தெருவில் சிப்பை முகர்ந்தே நோய் சொல்லும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் பார்த்ததும் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

அக்கா பெண்ணின் லேப்டாப்பில் ரோல் பேக் பட்டன் மங்கித்தான் கிடந்தது. கம்பெனி பக்கத்திலிருந்து பழைய டிரைவரை இறக்கி, வைஃபையை அணைத்து, சேஃப் மோடில் துடைத்துவிட்டு மறுபடி போட்டோம். மொத்தம் இரண்டு மணி நேரம், அதில் அரை மணி அந்த ஓடிபிக்கு. எட்டாயிரம் மிச்சம். ஐந்து வாரம் கழித்து பாஸ் முடிந்து அப்டேட் இறங்கியபோது கிராஃபிக்ஸ் டிரைவரும் ஒரு படி புதியதாக வந்தது. இதுவரை சிவப்புக் குறி எதுவும் விழவில்லை. ரெகவரி கீயின் 48 எண்களும் இப்போது அக்கா வீட்டுத் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே இருக்கின்றன.